பெயர் தேடி அலைந்த கட்டி

கொலனோஸ்கோப் கேமரா மலக்குடலுக்குள் நகர்கிறது. திரையில் இளஞ்சிவப்பாக, ஈரம் மின்ன, மடிப்பு மடிப்பாக உட்சுவர். ஓரிடத்தில் மட்டும் ஜமுக்காளத்துக்கு அடியில் யாரோ எலுமிச்சம்பழத்தை வைத்து மறந்துவிட்டதுபோல ஒரு மேடு. மேலே புண் இல்லை, ரத்தக் கசிவு இல்லை. மருத்துவர் சின்ன இடுக்கியால் ஒரு துணுக்கைக் கிள்ளி ஆய்வகத்துக்கு அனுப்புகிறார். சில நாளில் 'உட்படலம் இயல்பாக இருக்கிறது' என்று பயாப்ஸி முடிவு வருகிறது. வீட்டில் எல்லோரும் மூச்சு விடுகிறார்கள். ஆனால் இடுக்கி கிள்ளியது ஜமுக்காளத்தை. பழம் அடியில் அப்படியே இருக்கிறது.

பெருங்குடல் புற்றுநோய் என்று நாம் கேள்விப்படுவதில் மிகப் பெரும்பாலானவை அந்த ஜமுக்காளத்தில், அதாவது உட்படலத்தில், முளைப்பவை. அதற்குக் கீழே தசை, கொழுப்பு, நரம்பு, நார்த்திசு என்று அடுக்கடுக்காக இன்னொரு உலகம் இருக்கிறது. அங்கிருந்தும் அபூர்வமாகக் கட்டிகள் கிளம்பும். இவைதான் மென்திசுக் கட்டிகள். இந்தக் கூட்டத்தில் ஒன்றை மருத்துவர்கள் 'ஜிஸ்ட்' என்கிறார்கள். 100 ஜிஸ்ட் கட்டிகளை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 60 இரைப்பையில் இருக்கும், 30 சிறுகுடலில் இருக்கும். பெருங்குடலுக்கும் மலக்குடலுக்கும் சேர்த்துச் சுமார் 5 மிஞ்சும். இது இன்ன கட்டி என்று சரியாகச் சொல்ல முடிந்தது மிகச் சமீபத்தில்தான். அதற்கான கருவிகளோ உலகின் பல மூலைகளிலிருந்து, இந்தக் கட்டியைப் பற்றி எதுவுமே தெரியாதவர்களின் கைமாறி வந்து சேர்ந்தவை. முதல் கருவி ஒரு மரம்.

மெக்ஸிகோவின் யுகதான் தீபகற்பத்துச் சதுப்புகளில் வளரும் முள்மரம் அது. காம்பேச்சே துறைமுகத்தின் பெயராலேயே அறியப்பட்டது. வைரம் பாய்ந்த கட்டையைச் சீவித் தண்ணீரில் ஊறப்போட்டால் சாயம் இறங்கும். உப்பையும் உலோகத்தையும் மாற்றினால் ஊதா, நீலம், கறுப்பு என்று நிறம் மாறும். கேரளத்து வீடுகளில் குடிநீரில் போட்டுக் கொதிக்கவைக்கும் பதிமுகம் இதற்குத் தூரத்து உறவு. பதிமுகத்தின் சிவப்புக்கும் காம்பேச்சே மரத்தின் சாயப்பொருளுக்கும் இடையில் வேதியியல் வித்தியாசம் ஒரே ஒரு ஆக்ஸிஜன் அணுதான்.

ஸ்பானியர்கள் 16ஆம் நூற்றாண்டில் இந்தக் கட்டைகளைக் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு ஏற்றினார்கள். இங்கிலாந்தில் சாயம் சீக்கிரம் வெளுக்கிறது என்று புகார் எழுந்தது. 1581இல் எலிசபெத் அரசி காலத்தில் சட்டம் போட்டே தடுத்தார்கள். துணியில் சாயத்தைப் பிடித்துவைக்கும் வித்தை கைவந்ததும் 1662இல் தடை நீங்கியது. அதற்குள் ஆங்கிலக் கடற்கொள்ளையர்கள் ஒரு கணக்கைப் புரிந்துகொண்டிருந்தார்கள்: கட்டை ஏற்றிய கப்பலைக் கொள்ளையடிப்பதைவிடக் கரையிறங்கிக் கட்டையையே வெட்டலாம். பின்னாளில் உலகத்தை மூன்று முறை சுற்றிவந்து பயண நூல்கள் எழுதிய வில்லியம் டாம்பியர், 1670களில் முழங்கால் தண்ணீரில் நின்று இந்த மரத்தை வெட்டியவர். அப்படி வெட்டப்போன கூட்டங்கள் தங்கிய கரைகளில் ஒன்றுதான் இன்றைய பெலிஸ் நாடு.

செயற்கைச் சாயங்கள் வந்து ஜவுளிக் கடைகளில் இந்த மரத்தின் ஆட்டம் அடங்கத் தொடங்கிய அதே காலத்தில் அதற்கு வேறொரு வேலை கிடைத்தது. 1863இல் ஜெர்மன் உடற்கூறியலாளர் வில்ஹெல்ம் வால்டேயர் இந்தச் சாயத்தைத் திசுவில் ஏற்றிப் பார்த்தார். சரியாகப் பிடிக்கவில்லை. 1865இல் பேமர் என்பவர் படிகாரத்தைச் சேர்த்தார், பிடித்தது. துணிக்கு என்ன தேவையோ அதுவே திசுவுக்கும் தேவைப்பட்டது. சாயப்பட்டறைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்ததை மருத்துவம் தாமதமாகக் கற்றுக்கொண்டது. அடுத்த பத்து வருடத்தில் ஜெர்மன் சாயத் தொழிற்சாலையிலிருந்து இயோசின் என்ற இளஞ்சிவப்புச் சாயம் வந்தது. 1876இல் இரண்டும் ஜோடி சேர்ந்தன. செல்லின் கரு நீல ஊதா, சுற்றியுள்ள உடல் இளஞ்சிவப்பு. இன்று நம் ஊரில் எந்த மருத்துவமனையின் பயாப்ஸி அறைக்குப் போனாலும் காணும் இரட்டை நிறம் இதுதான். சாயத்திலிருந்து எடுத்த கண்ணாடித் தகட்டில் திசு முதலில் செம்மண் நிறத்தில் இருக்கும். டெக்னீஷியன் அதைக் குழாய்த் தண்ணீரில் காட்டுவார். தண்ணீரின் காரத்தன்மை பட்டதும் கண்முன்னே நீலமாக மாறும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

ஆனால் இந்த அழகான ஜோடிதான் ஜிஸ்ட் கட்டிக்கு நெடுங்காலம் தவறான பெயரையும் சூட்டியது. இந்தச் சாயத்தில் அந்தக் கட்டியின் செல்கள் தறிக்காரரின் தார்போல நீளமாக, இரு முனையும் கூம்பி, கற்றை கற்றையாகத் தெரியும். குடல் தசையின் செல்லும் அப்படித்தான் தெரியும். ஆகவே தசைக் கட்டி என்று எழுதினார்கள். கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தால் தசைப் புற்று என்றார்கள். 1962இல் ஆர்தர் பர்டி ஸ்டௌட் என்ற புகழ்பெற்ற அமெரிக்க நோய்க்குறியியலாளர் இரைப்பையில் வரும் இவற்றில் ஒரு வகையை 'விநோதமான தசைக் கட்டிகள்' என்றே குறிப்பிட்டார். ஏதோ பொருந்தவில்லை என்று அவர் கண் சொல்லியிருக்கிறது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க அவரிடம் வேறு சாயம் இல்லை.

உண்மையில் கட்டியின் மூதாதையை அதற்கு 70 வருடம் முன்பே ஒருவர் பார்த்துப் படமும் வரைந்துவிட்டார். அதுவும் ஒரு சாயத்தின் கதை. 1873இல் இத்தாலியில் அபியாதேக்ராஸோ என்ற சிற்றூர் மருத்துவமனையின் சமையலறையை ஆய்வகமாக்கிக்கொண்டு வேலை பார்த்த கமில்லோ கோல்ஜி, வெள்ளி உப்பால் நரம்புச் செல்லைக் கறுப்பாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். நூறு செல் இருந்தால் ஒன்றிரண்டு மட்டும் முழுக்கக் கறுக்கும், மற்றவை அசையாது. ஏன் என்பது புதிர். ஆனால் அந்தக் குறைதான் அதன் பலம், ஏனென்றால் காட்டில் ஒரு மரம் மட்டும் வேரோடும் கிளையோடும் தனித்துத் தெரிந்தது. 1887இல் மத்ரித்தில் ஒரு நண்பர் அந்த ஸ்லைடைக் காட்ட, சாந்தியாகோ ரமோன் ஈ கஹால் சொக்கிப்போனார். மூளையைப் பார்த்த கையோடு குடலையும் பார்த்தார். குடலில் நரம்பு முனைக்கும் தசைக்கும் நடுவே, இரண்டிலும் சேராமல், கிளைகளை நீட்டிக்கொண்டு சில செல்கள் நின்றன. ஆதிகால நரம்புச் செல்கள் என்று நினைத்தார். மற்றவர்கள் அவை வெறும் நார்த்திசு என்று தள்ளினார்கள். 1906இல் கோல்ஜியும் கஹாலும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டு, பரிசு மேடையிலேயே நரம்பு பற்றி முரண்பட்டார்கள். கஹால் காத்து நின்ற கொள்கையின் நாயகனான 'நியூரான்' என்ற சொல்லை உருவாக்கியவர் யார் தெரியுமா? காம்பேச்சே சாயத்தை முதலில் திசுவில் ஏற்றிப் பார்த்த அதே வால்டேயர். குடலின் அந்த நடுநிலைச் செல்களுக்கு 'கஹால் செல்கள்' என்ற பெயர் மட்டும் தங்கியது. அவை என்ன செய்கின்றன என்பதை யாரும் சொல்லவில்லை.

இதற்கிடையில் உலகின் வேறு மூலைகளில் சிலர் சுண்டெலி வளர்த்துக்கொண்டிருந்தார்கள். நாம் புறா வளர்ப்பதுபோல இங்கிலாந்திலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நிறத்துக்காக, புள்ளிக்காக எலி வளர்த்தவர்கள் உண்டு. மாசசூசெட்ஸில் ஏபி லாத்ரப் என்ற முன்னாள் பள்ளி ஆசிரியை நடத்திய எலிப் பண்ணையிலிருந்து ஹார்வர்டு ஆய்வகத்துக்கே எலிகள் போயின. இப்படி அழகுக்கு வளர்த்த வகைகளிலிருந்து பரம்பரையியல் ஆராய்ச்சிக்குள் வந்தவற்றில் வெள்ளைப் புள்ளி எலிகளும் இருந்தன. ஒரு குறையுள்ள மரபணு இருந்தால் புள்ளி. தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் இரண்டு வந்துவிட்டால் உடல் முழுக்க வெள்ளை, ரத்தசோகை, மலட்டுத்தன்மை. 1978இல் யுகிஹிகோ கிதமுரா என்ற ஜப்பானிய ஆய்வாளர், ஒவ்வாமையில் பங்கேற்கும் மாஸ்ட் செல்களும் அந்த எலிகளில் இல்லை என்று கண்டார். ரோமத்தின் நிறத்துக்கும் ரத்தத்துக்கும் இனவிருத்திக்கும் ஒரே மரபணு பொறுப்பு என்றால், அது என்ன மரபணு?

1986இல் அமெரிக்காவில் பூனையின் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த ஒரு வைரஸில் பேட்டர் பெஸ்மர் குழு ஒரு புதிய மரபணுவை இனம்கண்டது. 'கிட்' என்று பெயர் வைத்தார்கள். வைரஸ் எப்போதோ பூனையின் செல்லிலிருந்து திருடிக்கொண்ட சரக்கு அது. மனிதரிலும் அதன் மூலம் இருந்தது. 1988இல் இரண்டு குழுக்கள் முடிச்சை அவிழ்த்தன: எலியின் வெள்ளைப் புள்ளிக்குக் காரணமும் இதே கிட் மரபணுதான். பிறகு நடந்தது தற்செயலின் உச்சம். 1992இல் ஜப்பானில் புதிதாகப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குக் கிட் புரதத்தைத் தடுக்கும் எதிர்ப்பொருளைச் செலுத்தினார்கள். குஞ்சுகளின் குடல் அசைவு நின்று வயிறு உப்பி அவை இறந்தன. 1995இல் கனடாவில் யான் ஹைசிங்கா குழு, கிட் மரபணு கெட்ட எலிகளின் குடலில் கஹால் செல்கள் இல்லை, குடலின் மெதுவான மின்னலைகளும் இல்லை என்று காட்டியது. கஹால் வரைந்து வைத்தவை தாளம் போடும் செல்கள். நம் இரைப்பை நிமிடத்துக்கு 3 முறை, முன்சிறுகுடல் 12 முறை சுருங்குவதற்குக் காலம் காட்டுபவை இவைதான். அந்தச் செல்லின் அடையாள அட்டை கிட் புரதம்.

1983இலேயே மசூர், கிளார்க் என்ற இரண்டு அமெரிக்கர்கள், இரைப்பையில் தசைக் கட்டி என்று சொல்லப்படுபவற்றில் பல தசையுமில்லை நரம்புமில்லை என்று காட்டி, எதற்கும் இருக்கட்டும் என்பதுபோல 'ஸ்ட்ரோமல் கட்டி' என்று பெயர் மாற்றியிருந்தார்கள். ஜிஸ்ட் என்ற சுருக்கத்துக்கு விதை அதுதான். வீட்டு எண் தெரியாமல் தெருப்பெயர் மட்டும் எழுதிய விலாசம் அது. 1998 ஜனவரியில் ஒசாகாவிலிருந்து மிச்சமும் வந்தது. செய்யிச்சி ஹிரோத்தாவும், வெள்ளை எலிகளை விடாமல் பிடித்திருந்த அதே கிதமுராவும், ஜிஸ்ட் கட்டிகள் கஹால் செல்களைப் போலவே கிட் புரதத்தைத் தாங்கியிருப்பதைக் காட்டினார்கள். ஐந்து கட்டிகளில் அந்த மரபணுவிலேயே எழுத்துப்பிழை இருந்தது. எலியில் கிட் அணைந்துபோனதால் நோய், இங்கே கிட் அணையவே மாட்டேன் என்று எரிந்துகொண்டிருப்பதால் நோய். அழைப்புமணியின் பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டால் யாரும் அழுத்தாமலே அடித்துக்கொண்டிருக்குமே, அப்படி அந்தச் செல் 'பெருகு, பெருகு' என்ற கட்டளையை ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது.

கண்டுபிடித்தாயிற்று, ஆனால் சாதாரண ஆய்வகத்தில் அதை எப்படிப் பார்ப்பது? இங்கே ஒரு கிழங்கு உள்ளே வருகிறது. வெள்ளைக்காரர்கள் மாட்டிறைச்சியோடு அரைத்துத் தொட்டுக்கொள்ளும் காரமான வேர், ஹார்ஸ்ராடிஷ். இந்தியாவுக்கு வந்தபோது அது கிடைக்காமல் நம் முருங்கை வேரைத் துருவிச் சாப்பிட்டு, முருங்கைக்கே 'ஹார்ஸ்ராடிஷ் மரம்' என்று பெயர் வைத்தவர்கள் அவர்கள். அந்த வேரில் இருக்கும் ஒரு நொதி, சரியான ரசாயனத்தைச் சேர்த்தால், இருக்கும் இடத்தில் பழுப்பு நிறத்தைப் படியவைக்கும். 1966இல் நகானேயும் பியர்ஸும் அந்த நொதியை எதிர்ப்பொருளின் வாலில் கட்டிவிட்டார்கள். எதிர்ப்பொருள் தனக்குரிய புரதத்தைத் தேடிப் பிடிக்கும், வேரின் நொதி அங்கே பழுப்பாக அடையாளம் வைக்கும். கிட் புரதத்துக்கான எதிர்ப்பொருளைப் போட்டுப் பார்த்தால் ஜிஸ்ட் கட்டி பளிச்சென்று பழுப்பாகிறது, தசைக் கட்டி வெளிறியே நிற்கிறது. பின்னணியில் செல்கருக்களைக் காட்ட இன்றும் அதே காம்பேச்சே நீலம்தான்.

பழைய பெட்டிகளைத் திறக்க ஆரம்பித்தார்கள். மெழுகில் பொதிந்த திசுத் துண்டு பல பத்தாண்டுகள் கெடாது. மார்க்கு மியெத்தினென் குழு வாஷிங்டனிலும் ஹெல்சிங்கியிலும் சேமிப்பில் இருந்த 144 மலக்குடல், ஆசனவாய்க் கட்டிகளை மறுபடி சீவி, சாயமேற்றி, 2001இல் முடிவை வெளியிட்டது. 133 ஜிஸ்ட். குடலின் தடித்த தசைச் சுவரில் பிறந்த சாதுவான தசைக் கட்டிகள் 3, தசைப் புற்று 8. மலக்குடலைப் பொறுத்தவரை புத்தகங்கள் சொன்ன விகிதம் கிட்டத்தட்டத் தலைகீழ்.

பெயர் மாறியதால் நோயாளிக்கு என்ன கிடைத்தது? அதற்குள் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஒரு மருந்து தயாராகியிருந்தது. சீபா-கைகி நிறுவனத்தில் நிக்கலஸ் லைடன், யூர்க் சிம்மர்மன் முதலியோர் உருவாக்கி, ஓரிகன் மருத்துவர் பிரையன் டிரக்கர் ரத்தப் புற்றுநோய் ஒன்றுக்கு எதிராக முன்னெடுத்த இமாடினிப். அது ஒரே ஒரு பூட்டை மட்டும் அடைக்கும் துல்லியமான சாவி இல்லை. பக்கத்தில் இருந்த வேறு சில பூட்டுகளையும் அடைத்தது. அவற்றில் ஒன்று கிட். 2000 மார்ச்சில் ஹெல்சிங்கியில் ஹெய்க்கி யோயென்ஸூ, ஜிஸ்ட் கல்லீரல் முழுக்கப் பரவி வேறு எந்த மருந்தும் பிடிக்காத 50 வயதுப் பெண்ணுக்குத் தினம் 400 மில்லிகிராம் கொடுத்தார். ஒரு மாதத்தில் எடுத்த பெட் ஸ்கேனில் கட்டிகளின் பசி அடங்கியிருந்தது. உடனே அமெரிக்காவிலும் ஃபின்லாந்திலும் 147 பேரிடம் சோதித்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. 2002 பிப்ரவரியில் அமெரிக்கா இந்தக் கட்டிக்கான மருந்தாக அதை அனுமதித்தது. அதுவரை இருந்த கீமோதெரபி மருந்துகளால் ஏறக்குறைய எந்தப் பலனும் இல்லாத நோய் இது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அந்த இரண்டு வருடத்தின் வேகம் புரியும்.

சென்னை இந்தக் கதைக்குள் வருவது காப்புரிமை அலுவலகத்தின் வழியாக. இணைப்புக்குப் பிறகு நோவார்டிஸ் ஆகிவிட்ட அந்த நிறுவனம், இமாடினிப் உப்பின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்கு 1998இல் இங்கே காப்புரிமை கேட்டிருந்தது. இந்தியச் சட்டம் அப்போது மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை. அதனால் நம் கம்பெனிகள் தங்கள் வழியில் அதே மருந்தைச் செய்து விற்றன. அப்போது மூல மருந்து மாதம் சுமார் 1,20,000 ரூபாய், நம் பிரதிகள் சுமார் 10,000 ரூபாய். 2003இல் நோவார்டிஸ் சந்தையில் தனியுரிமை பெற்றதும் பிரதிகளில் சில நின்றுபோயின. நிறுவனம் பலருக்கு இலவசமாகக் கொடுத்தது உண்மை. ஆனால் உயிரைப் பிடித்துவைத்திருக்கும் மாத்திரை ஒருவரின் தயவைப் பொறுத்து வருவதும், மருந்துக் கடையில் விலை கொடுத்து வாங்க முடிவதும் ஒன்றல்ல என்பது என் திடமான எண்ணம். 2005இல் சட்டம் திருத்தப்பட்டபோது 3(டி) என்ற பிரிவு வந்தது. தெரிந்த பொருளின் புது வடிவம், குணமாக்கும் திறனில் மேம்பட்டிருந்தாலன்றிக் கண்டுபிடிப்பு ஆகாது என்றது அது. புற்றுநோயாளிகளுக்கு உதவும் ஒரு சங்கமும் பிரதி தயாரிப்பாளர்களும் எதிர்ப்பு மனு போட்டார்கள். 2006 ஜனவரி 25 அன்று சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவுக்கு எதிரான வழக்கைத் தள்ளியது. புது வடிவம் உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்று நிறுவனம் வாதாடியது. கூடுதலாகச் சேர்வது கூடுதலாகக் குணமாக்குவது ஆகிவிடாது என்று 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. நகலெடுப்பவர் என்பது வசைச்சொல்லாகத்தான் புழங்குகிறது. இந்த மருந்தின் வரலாற்றில் நகலெடுத்தவர்களுக்கு நான் நன்றிதான் சொல்வேன்.

இனி அந்த ஜமுக்காளத்துக்கு அடியில் இருந்த பழத்துக்கு வருவோம். விவரமறிந்த மருத்துவர் 'இயல்பு' என்ற பயாப்ஸி முடிவோடு நின்றுவிட மாட்டார். இடுக்கியின் மூக்கால் மேட்டை அழுத்திப் பார்ப்பார். தலையணைபோலக் குழிந்து எழுந்து, மஞ்சளாகவும் தெரிந்தால் பெரும்பாலும் கொழுப்புக் கட்டி, தொந்தரவு தராவிட்டால் விட்டுவிடலாம். குழியாமல் கெட்டியாக இருந்தால் நுனியில் அல்ட்ராசவுண்டு பொருத்திய குழாயை அனுப்புவார்கள். அதில் குடல் சுவர் சேலைக்கரைபோல வெளிறியதும் கறுத்ததுமாக ஐந்து கோடுகளாகத் தெரியும். நான்காவது கோடு தசைச் சுவர். கட்டி அந்தக் கோட்டிலிருந்து கிளம்பினால் ஜிஸ்ட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த வழியாகவே ஊசி விட்டு உள்ளிருந்து சதை எடுப்பார்கள். அதன் பிறகு நீலம், இளஞ்சிவப்பு, பழுப்பு. பழுப்பு வராமல் தசைக்கான வேறு அடையாளம் வந்தால் சாதுவான தசைக் கட்டி, அல்லது தசைப் புற்று. இரண்டுக்கும் இமாடினிப் உதவாது, அறுவைச் சிகிச்சைதான் முக்கிய வழி. நரம்புறைக் கட்டியாக இருந்தால் வெட்டியெடுத்ததோடு பெரும்பாலும் முடிந்தது. ஜிஸ்ட் என்றால் மரபணுவின் எந்த இடத்தில் பிழை என்றும் பார்ப்பார்கள், ஏனென்றால் சில பிழைகளுக்கு இந்த மாத்திரை வேலை செய்யாது.

மலக்குடலில் பெயர் சரியாகத் தெரிவதற்கு இன்னொரு பலன் உண்டு. அங்கே இடம் குறுகல். கட்டியை உடைக்காமல், ஓட்டோடு முழுசாக எடுக்க வேண்டும். உடைந்தால் வயிற்றுக்குள் சிதறும். ஆசனவாய்த் தசைக்குப் பக்கத்தில் பெரிய கட்டி என்றால் முன்பு அந்தத் தசையோடு சேர்த்து எடுத்துவிட்டு, வயிற்றில் துளையிட்டுப் பை மாட்டிவிடுவார்கள். ஆயுசுக்கும் பை. இப்போது ஜிஸ்ட் என்று உறுதியானதும் முதலில் மாத்திரை தொடங்குகிறார்கள். ஆறு மாதமோ, அதற்கு மேலுமோ ஆகும். ஸ்கேனில் கட்டி சுருங்குகிறது, தசைக்கும் கட்டிக்கும் நடுவே கத்தி போக இடம் கிடைக்கிறது, தசை பல நேரம் தப்பிக்கிறது. குடல் புற்றுபோல நிணநீர்க் கணுக்களைத் தோண்டவும் பெரும்பாலும் தேவைப்படாது. மறுபடி வரும் ஆபத்து அதிகம் என்று தெரிந்தால் ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று வருடம் மாத்திரை தொடரும். தினம் ஒரு வேளை, சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு.